லேபர் வார்டு இரவுகளும் வேலைநாள்தான்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் நலத் துறைப் பேராசிரியராக இருந்து 2024இல் ஓய்வு பெற்றவள் நான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்து, அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் எம்.டி. படித்து, டி.எம்.இ. சைடுக்கு, அதாவது மருத்துவக் கல்லூரிப் பக்கம் வந்து, நான்கு மாவட்டங்கள் சுற்றிவிட்டு அறுபதில் வீடு வந்து சேர்ந்தேன். பணியில் இருந்தபோது இப்படி ஒரு மடல் எழுதியிருந்தால் 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளைக் காட்டி மறுநாளே மெமோ வந்திருக்கும். இப்போது எழுதுகிறேன். பென்ஷன்காரியின் தைரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு போன் வந்தது. ஒரு காலத்தில் என்னிடம் எம்.பி.பி.எஸ். படித்த பெண். இப்போது ஓர் அரசுக் கல்லூரியில் மகப்பேறு, மகளிர் நலத் துறையில் உதவிப் பேராசிரியர். "மேடம், ஒரு லெட்டர் எழுதியிருக்கேன். இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். பார்த்தால் ராஜினாமாக் கடிதம். போகலாமா வேண்டாமா என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை. அதை எப்போதோ முடிவு செய்துவிட்டாள். இலக்கணம் மட்டும்தான் என் பொறுப்பு.

அவள் பாடம் எடுப்பதை ஒருமுறை கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். இடுப்பெலும்பு மாதிரி ஒன்றையும் ஒரு துணிப் பொம்மையையும் வைத்துக்கொண்டு, பிரசவத்தில் குழந்தையின் தோள் மாட்டிக்கொண்டால் முதல் ஒரு நிமிடத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு குறைவு. ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து, இங்கே அழுத்து, இங்கே அழுத்தாதே என்று வைத்துக் காட்டினாள். முந்தின நாள் காலையில் டியூட்டிக்கு வந்தவள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அவள்தான் இப்போது ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்துக்குப் போகிறாள். காலை பத்து முதல் மாலை ஆறு வரை வேலை. ஞாயிறு லீவு. அங்கே அவளிடம் கற்றுக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள்.

கடிதத்தில் இரண்டு கமாவை மாற்றித் திருப்பி அனுப்பினேன். அன்று இரவே இதை எழுதத் தொடங்கினேன்.

இது சம்பள மடல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவர்களின் ஊதியம் பற்றிய 2009ஆம் ஆண்டின் அரசாணை 354 பற்றியும், அதை நிறைவேற்றக் கேட்டு 2019 அக்டோபரில் நடந்த வேலைநிறுத்தம் பற்றியும் சங்கங்கள் எழுதியவை உங்கள் மேசையில் ஏற்கெனவே குவிந்திருக்கும். அவர்கள் கேட்பது நியாயம் என்பதுதான் என் கருத்தும். ஆனால் இந்தப் பெண் சம்பளத்துக்காகப் போகவில்லை. அவளுக்குப் பாடம் எடுக்கப் பிடிக்கும். அதற்குத்தான் அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

மகப்பேறு, குழந்தைகள் நலம் என்ற எங்கள் இரண்டு துறைகளிலும் வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். யூனிட், யூனிட்டாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்மிஷன் நாள். அன்று காலை முதல் மறுநாள் காலை வரை வருவதெல்லாம் அந்த யூனிட் கணக்கு. மற்ற துறைகளிலும் இரவு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குடலிறக்க அறுவையை அடுத்த செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளலாம். வலி எடுத்தவளைத் தள்ள முடியாது. பிறந்து அழாத குழந்தையிடம் காலையில் வா என்று சொல்ல முடியாது. தாய் எங்கள் மகப்பேறு துறையில் சேர்ந்தால், அடுத்த நிமிடமே பக்கத்துப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் குழந்தைகள் நலத் துறைக்காரர் ஒருவர் தயாராக நிற்க வேண்டும். இரண்டு துறைகளும் ஒரே இரவை ஆளுக்குப் பாதியாகச் சுமக்கின்றன.

ஆனால் ஒரு கல்லூரியில் எத்தனை ஆசிரியர்கள் வேண்டும் என்று கணக்குப் போடும்போது முதலில் எண்ணுவது எம்.பி.பி.எஸ். இடங்களை. 100 இடமா, 150 இடமா என்று பார்த்து, அதற்கு இத்தனை பேராசிரியர், இத்தனை இணைப் பேராசிரியர் என்று முடிவாகிறது. உடற்கூறியலுக்கு இது முற்றிலும் பொருந்தும். மாணவர் எத்தனை பேரோ அத்தனை மேசை. லேபர் வார்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? மாணவர் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும் இரண்டு கல்லூரிகளில், ஒன்றின் பிரசவ எண்ணிக்கை மற்றதைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம். சுற்று வட்டாரத்தில் எத்தனை வட்ட மருத்துவமனைகளில் மயக்க மருந்து டாக்டர் இல்லையோ, அத்தனை கர்ப்பிணிகளும் 108 ஏறி இங்கேதான் வருவார்கள். ஆசிரியர் பட்டியலில் மட்டும் இரண்டு கல்லூரிகளும் ஒன்றுதான். தேசிய மருத்துவ ஆணையம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் பணியிடம் உருவாக்க வேண்டாம் என்று யாரும் மாநில அரசைத் தடுக்கவில்லை. நம்மூரில் குறைந்தபட்சமே அதிகபட்சம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. நான் மகிழ்ந்தவர்களில் ஒருத்தி. அரியலூரிலும் ராமநாதபுரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் ஒரு கல்லூரி வருவது சின்ன விஷயம் இல்லை. அந்த மாவட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சி இனி மதுரைக்கோ சேலத்துக்கோ வலியோடு ஓட வேண்டாம். ஆனால் கட்டடம் எழும்பிய வேகத்தில் ஆசிரியர்கள் உருவாக மாட்டார்கள். ஒரு உதவிப் பேராசிரியர் உருவாக எம்.பி.பி.எஸ்.ஸில் தொடங்கி ஏறக்குறையப் பத்து வருடம் ஆகும். அதனால் என்ன நடந்தது? பழைய கல்லூரியிலிருந்து ஆட்களை எடுத்துப் புதிய கல்லூரியில் போட்டார்கள். இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது, டெபுடேஷனில் மூட்டை கட்டிக்கொண்டு போய்த் தலை எண்ணிக்கைக்கு உட்கார்ந்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த வாரம் என் யூனிட்டில் ரவுண்ட்ஸ் எடுத்தது யார்? இரண்டாம் ஆண்டு பி.ஜி. மாணவன்.

அந்தக் கண்ணாமூச்சியை நிறுத்தத்தான் தேசிய மருத்துவ ஆணையம் ஆதார் வருகைப்பதிவைக் கொண்டுவந்தது. நிறுத்தியதும் நல்லதுதான். ஆனால் வருகைப்பதிவு எண்ணுவது நாள்களை. ஆசிரியர் 75 விழுக்காடு வேலைநாள்களில் வந்திருக்க வேண்டும் என்பது விதி. 2025 மே மாதத்திலிருந்து விரல் போய் முகம் வந்துவிட்டது. செல்போனில் முகத்தைக் காட்ட வேண்டும். சரி. திங்கள் காலை எட்டு மணிக்கு வந்து, இரவெல்லாம் நின்று, செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போகிற ஒருத்தி எத்தனை நாள் வேலை செய்தாள்? மணிக்கணக்கில் பார்த்தால் மூன்று நாள் வேலை. செயலியைக் கேட்டால் ஒரு பதில், துறைத் தலைவரைக் கேட்டால் ஒரு பதில், அலுவலகக் கண்காணிப்பாளரைக் கேட்டால் மூன்றாவது பதில். இந்தக் குழப்பத்துக்குப் பயந்து, நைட் பார்த்தவர்கள் தூங்காமல் மறுநாளும் வந்து முகம் காட்டுகிறார்கள். அந்தக் கையில் குழந்தையைக் கொடுக்கிறோம். 24 மணி நேர டியூட்டியை இரண்டு வேலைநாளாக எண்ணுங்கள் என்று ஒரே ஒரு தெளிவான சுற்றறிக்கை போதும். ஆணையம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பீர்கள். மாநிலத்தின் பெரும்பாலான அரசுக் கல்லூரிகளுக்கு ஆள் குறைவு என்று 2025இல் அவர்களிடமிருந்து நோட்டீஸ் வந்ததே, பதில் எழுதினீர்கள் அல்லவா? அந்தப் பதிலிலேயே இதையும் கேட்டிருக்கலாம்.

இப்போது இந்த மடலில் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன்.

எனக்கு முதல் குழந்தை பிறந்தபோது விடுப்பு 90 நாள். தொண்ணூறாவது நாள் வேலைக்குத் திரும்பினேன். என் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வருவார், டியூட்டி ரூமில் பால் கொடுத்துவிட்டு அனுப்புவேன். வெளியே வந்து, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று ஊர்த் தாய்மார்களுக்கு வகுப்பு எடுப்பேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எங்கள் துறையில் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். அந்தப் பழமொழிக்கு வேறு அர்த்தம் உண்டு என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். எங்களுக்கு நேர் அர்த்தமே போதுமானதாக இருந்தது.

2011இல் விடுப்பு ஆறு மாதமானது. 2016இல் ஒன்பது மாதம். 2021 ஜூலை முதல் ஒரு வருடம். விடுப்புக் காலத்தைத் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக்கொள்வதாக 2025இல் அறிவிப்பும் வந்தது. இந்தியாவில் பல மாநிலங்கள் யோசித்துக்கூடப் பார்க்காத ஏற்பாடு இது, அதற்கு நன்றி. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. மகப்பேறு துறையில் ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உதவிப் பேராசிரியர்களாக வருகிற பெண்களுக்கு முப்பது வயதையொட்டி இருக்கும், அதாவது பிள்ளை பெறுகிற வயது. ஒரு யூனிட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் ஒரு வருட விடுப்பில் போனால், அந்த இடத்தில் பதிலுக்கு ஆள் போடுவதில்லை. பணியிடம் நிரம்பியதாகத்தான் கணக்கு. மீதி இருப்பவர்கள் வாரம் ஒரு நைட்டுக்குப் பதிலாக இரண்டு நைட் பார்ப்பார்கள். விளைவு என்ன தெரியுமா? ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொன்னால் அந்தத் துறையில் முதலில் விழுவது மௌனம். ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கிற இடத்தில், கூட வேலை பார்ப்பவளின் வயிற்றைப் பார்த்து மற்றவர்கள் மனசுக்குள் டியூட்டி சார்ட் போட்டுப் பார்க்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தூக்கமில்லாதவர்கள். ஒருமுறை நானும் அப்படிக் கணக்குப் போட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

ரயில்வேயில் லீவ் ரிசர்வ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. விடுப்பில் போகிறவர் இடத்தில் வேலை பார்ப்பதற்கென்றே தனியாகச் சிலர் இருப்பார்கள். வண்டி நிற்கக் கூடாது அல்லவா. அதுபோல மகப்பேறு துறைக்கும் குழந்தைகள் நலத் துறைக்கும், ஒவ்வொரு மண்டலத்திலும் சில பணியிடங்களை மகப்பேறு விடுப்புக்குப் பதிலாள் என்றே தனியாக உருவாக்குங்கள். எம்.டி., எம்.எஸ். முடித்துவிட்டு, அரசுக்குக் கட்டாயப் பணி செய்ய வேண்டிய பாண்ட் காலத்தில் வேலை பார்க்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உங்களிடம் வருகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினாலே போதும். அப்புறம் இன்னொன்று. அந்த விடுப்பு வருடம் பதவி உயர்வுக்கான கற்பித்தல் அனுபவத்தில் சேருமா சேராதா என்று நான் வேலை பார்த்த இரண்டு கல்லூரிகளின் அலுவலகங்கள் இரண்டு விதமாகச் சொல்லின. எது சரியோ, அதை ஒரே ஒரு அரசாணையில் எழுதிவிடுங்கள். பதவி உயர்வுப் பேனலில் பெயர் வருமா வராதா என்று ஒரு பெண் கைக்குழந்தையோடு சென்னைக்கு அலையக் கூடாது.

ஆராய்ச்சிக்கு வருகிறேன். இயக்ககத்தின் பெயரிலேயே இப்போது ஆராய்ச்சி இருக்கிறது. பெயர் மாற்றியபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

நம் வார்டுகள் ஆராய்ச்சிக்குப் புதிதல்ல. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் சொல்கிறோமே, அதை 1885இல் தொடங்கிய மேரி ஷார்லீப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும், குழந்தை மருத்துவத்தில் எஸ்.டி. ஆச்சாரும் பாடநூல் எழுதியது நம் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் கண்டதையும் சேர்த்துத்தான். இந்தியா முழுவதும் மாணவர்கள் அவற்றைப் படித்தார்கள். நம் ஏழைத் தாய்மாரின் உடம்பிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது என்று இதைச் சொன்னாலும் தப்பில்லை.

இது பழைய பெருமை மட்டும் இல்லை. 2021இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஹெலிக்ஸ் என்ற ஆய்வு வந்தது. பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதித்த குழந்தைகளின் உடம்பை 72 மணி நேரம் குளிர்விப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. நம் ஊரிலும் அது பரவத் தொடங்கியிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலுமாக ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளைச் சேர்த்தார்கள். எழும்பூரின் இரண்டு நிறுவனங்களும், மகப்பேறும் குழந்தைகள் நலமும், அதில் உண்டு. முடிவு என்ன? குளிர்வித்த குழந்தைகளில் 42 விழுக்காடு இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31 விழுக்காடு. அங்கே உயிர் காத்த சிகிச்சை இங்கே உயிரை எடுத்தது. நம் வார்டுகளில் பார்க்காமல் லண்டனில் உட்கார்ந்து யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அந்த ஆய்வில் குழந்தையைப் பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். அதன் அர்த்தம், நள்ளிரவில் பிறந்த குழந்தையின் அப்பாவை வராந்தாவில் தேடிப் பிடித்து, அழுதுகொண்டிருப்பவருக்கு விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கி, விடிவதற்குள் எல்லாம் முடிக்க வேண்டும். அதை யார் செய்வார்கள்? டியூட்டியில் இருக்கிற அதே உதவிப் பேராசிரியரும் பி.ஜி.யும்தான் துணை நிற்க வேண்டும்.

இப்போது 2022இல் ஆணையம் கொண்டுவந்த ஆசிரியர் தகுதி விதிகளைப் பாருங்கள். இணைப் பேராசிரியராக இரண்டு ஆய்வுக் கட்டுரை, பேராசிரியராக நான்கு. முதல் மூன்று பெயர்களில் ஒன்றாகவோ தொடர்புக்குரிய கட்டுரையாளராகவோ இருந்தால்தான் கணக்கில் வரும் என்றன அவை. இத்தனை மருத்துவமனைகள் சேர்ந்து செய்யும் ஆய்வில் முதல் மூன்று பெயருக்குள் எத்தனை வார்டு டாக்டர் வர முடியும்? இரவில் நின்று நான்கு வருடம் தரவு சேர்ப்பதைவிட, பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டி எட்டுப் பக்கம் எழுதிக் காசு கட்டிப் போட்டுக்கொள்வது பதவி உயர்வுக்கு விரைவான வழி. என் இன்பாக்ஸில் அப்படிப்பட்ட இதழ்களின் அழைப்பு தினமும் வந்தது. சில சமயம் பல் மருத்துவ இதழ்கூட என்னை அன்போடு அழைத்தது. பகலில் நேரம் இருக்கிற துறைகளில் இருப்பவர்கள் எப்படியோ எழுதிவிடுகிறார்கள். எங்கள் துறைக்காரர்கள் மெடிக்கல் லீவ் போட்டு உட்கார்ந்து எழுதுகிறார்கள். நான் அப்படித்தான் எழுதினேன், இதைச் சொல்ல இனிப் பயமில்லை.

கட்டுரை எண்ணிக்கை ஆணையத்தின் கையில் இருக்கிறது, சரி. ஆனால் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. வாரத்தில் ஓர் அரைநாள், டியூட்டி இல்லை, ஓ.பி. இல்லை, கலெக்டர் மீட்டிங் இல்லை, சிறப்பு முகாம் இல்லை என்று இந்த இரண்டு துறைகளின் ஒவ்வோர் ஆசிரியருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு புள்ளியியல் ஆளையும், வார்டுப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற ஒருவரையும் போடுங்கள். ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கும் காசில் இதைப் பல வருடம் நடத்தலாம்.

அப்புறம் தாய் இறப்பு ஆய்வு. தமிழ்நாட்டில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் அது பதிவாகாமல் போகாது. அதற்கு இந்தத் துறையைப் பாராட்டத்தான் வேண்டும். 2018–20 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இங்கே 54 தாய்மார் இறந்தார்கள், இந்தியச் சராசரி 97. ஆனால் அந்த ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்காகப் பலமுறை போயிருக்கிறேன். திரையில் மேலதிகாரி. இந்தப் பக்கம், மூன்று இரவுக்கு முன்னால் ரத்தப்போக்கு நிற்காமல் ஒருத்தியை இழந்த டாக்டர், கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். ஏன் ரத்தம் தாமதமானது என்ற கேள்வி ரத்த வங்கியிடம் போவதில்லை. ஏன் அந்தப் பெண்ணை மூன்று ஆஸ்பத்திரி சுற்றவிட்டு அனுப்பினார்கள் என்ற கேள்வி அனுப்பியவர்களிடம் போவதில்லை. கடைசியாகத் தொட்டவர் யாரோ அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தை ஓரமாக நின்று பார்க்கிற பி.ஜி. மாணவி, அன்றைக்கே முடிவு செய்துவிடுகிறாள்: படிப்பு முடிந்ததும் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன்.

இங்கிலாந்தில் 1952 முதல் ரகசிய விசாரணை என்று ஒரு முறை இருக்கிறது. இறந்தவர் பெயரையும், டாக்டர் பெயரையும், ஆஸ்பத்திரி பெயரையும் அழித்துவிட்டு, என்ன நடந்தது என்பதை மட்டும் நிபுணர்கள் படிப்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004இலிருந்து இதைச் செய்துவருகிறது. நம் 54க்கு நேராக அதே கணக்கெடுப்பில் கேரளம் 19. அந்த வித்தியாசம் முழுக்க இதனால்தான் வந்தது என்று சொல்லும் அளவுக்கு நான் அசடு இல்லை. ஆனால் பயமில்லாமல் பேசுகிற டாக்டரிடமிருந்துதான் உண்மை வெளியே வரும். ஆய்வை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒழுங்கு நடவடிக்கையையும் கற்றலையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். கற்றல் பகுதியைக் கல்லூரிகளின் மகப்பேறு துறைகளிடமே கொடுத்துவிடுங்கள். அதைவிட நல்ல வகுப்பு பி.ஜி. மாணவிக்குக் கிடைக்காது.

கடைசியாக ஒரு பெண்ணைப் பற்றி. பதின்மூன்று வயது. பெயர் வேண்டாம். வயதுக்கு வந்து எட்டு மாதம், ஒவ்வொரு மாதமும் பத்துப் பதினைந்து நாள் ரத்தப்போக்கு. முகம் வெளுத்துப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு அம்மாவோடு வந்தாள். எங்கள் ஓ.பி.யில், பன்னிரண்டு வயது வரைதான் குழந்தைகள் வார்டு என்று சொல்லி மெடிசின் பக்கம் அனுப்பினார்கள். மெடிசினில் இது பெண்கள் பிரச்சினை என்று மகப்பேறு துறைக்கு அனுப்பினார்கள். மகப்பேறு ஓ.பி.யில் கர்ப்பிணிகளுக்கு நடுவே வரிசையில் நின்றவளைப் பார்த்து யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள். அவள் அம்மா கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வராந்தாவில் என் கண்ணில் பட்டது அதிர்ஷ்டம். ரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு அவளுக்கு. பல் பிடுங்கியபோதும் ரத்தம் நிற்காமல் கஷ்டப்பட்டதாக அம்மா சொன்னார். யாரும் கேட்காததால் அவரும் அதுவரை சொல்லவில்லை.

இந்த வயதுப் பெண் எந்தத் துறையின் பொறுப்பு? நம் கல்லூரிகளில் பதில் இல்லை, ஏனென்றால் அதற்கென்று ஆசிரியர் இல்லை. மகளிர் நலம் என்று பெயர்ப் பலகையில் எழுதியிருக்கிறோம், உள்ளே பிரசவம் மட்டும்தான் நடக்கிறது. பிரசவமே எல்லோரையும் விழுங்கிவிடுகிறது. பிள்ளை பெறுவதற்கு முன்னால் இருக்கிற சிறுமியையும், பெற்று முடித்து மாதவிடாய் நின்று சிறுநீரை அடக்க முடியாமல் பேருந்தில் ஏறப் பயப்படுகிற அம்மாவையும் கவனித்து, படித்து, கற்பிக்க யாருக்கும் பதவியும் இல்லை, நேரமும் இல்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி அறிவித்தீர்கள். மிக நல்லது. அந்தப் பெண்களை இருபது வருடம் பின்தொடர்ந்து பார்க்கப்போகும் துறை எது? முதலில் ஆறு கல்லூரிகளிலாவது, குழந்தைகள் நலத் துறையிலிருந்து ஒருவரும் மகளிர் நலத் துறையிலிருந்து ஒருவரும் சேர்ந்து நடத்தும் வளரிளம் பருவப் பிரிவு ஒன்றைத் தொடங்குங்கள். அவர்களுக்கு லேபர் வார்டு டியூட்டி போட மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்தால், ராஜினாமாக் கடிதத்தைக் கிழிக்க ஒருத்தியையாவது என்னால் சம்மதிக்கவைக்க முடியும் என்று நினைக்கிறேன்.

சொல்ல இன்னும் இருக்கிறது. 2025இல் விதிகளை மாற்றி, 220 படுக்கைக்கு மேலான அரசு மருத்துவமனைகளில் அனுபவம் உள்ள நிபுணர்களும் ஆசிரியராகலாம் என்று ஆணையம் சொல்லியிருக்கிறது. பலர் எதிர்த்தார்கள். எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருபது வருடம் பிரசவம் பார்த்தவருக்குத் தெரிந்தது பேராசிரியர்கள் பலருக்குத் தெரியாது. கற்பிக்கப் பழக்க ஆறு மாதம் கொடுங்கள், அவ்வளவுதான்.

இனி ஒரு சொந்த விஷயம். என் வீட்டு அலமாரியில் பதினொரு நோட்டுகள் இருக்கின்றன. நான் வேலை பார்த்த ஊர்களில் என் யூனிட்டுக்கு வந்த பச்சிளங்குழந்தைகளைப் பற்றி, பெயரில்லாமல், என் கையால் எழுதி வைத்தவை. எடை, பிறந்த நேரம், எந்த ஊரிலிருந்து அனுப்பினார்கள், வழியில் எவ்வளவு நேரம் ஆனது, எப்போது வீட்டுக்குப் போனது, அல்லது போகவில்லை. இதிலிருந்து ஏதாவது எழுத வேண்டும் என்று வருடா வருடம் நினைத்தேன். ஓய்வு பெறும் நாளில் என் துறையின் இளம் உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் கொடுக்கப் போனேன். ஆசையோடு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "இப்ப எடுத்துட்டுப் போனா டியூட்டி ரூம்லயே கெடக்கும் மேடம், உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார்.

நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. கரையான் வராமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கல்லூரியிலிருந்து யாரை அனுப்பினாலும் கொடுத்துவிடுகிறேன். காபி போட்டு வைக்கிறேன், என் கையெழுத்து புரியாத இடங்களை உட்கார்ந்து படித்துக் காட்டவும் தயார். வருகிறவருக்கு முந்தின நாள் மட்டும் நைட் போடாமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குழந்தைகள் நலப் பேராசிரியை